மாரத்தான் ஓடி ரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு காசு திரட்டணும்னு கேட்ட கருங்கல் தம்பிக்கு

கருங்கல் பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். அக்கா பையனுக்கு 7 வயசு, ஏ.எல்.எல்-னு சொல்ற ரத்தப் புற்றுநோய், திருவனந்தபுரத்துல வைத்தியம் பாத்து இப்ப மெயின்டனன்ஸ் மாத்திரைல, அதாவது நோய் திரும்பாம இருக்க குடுக்குற மாத்திரைல இருக்கான். இவருக்கு ஜனவரில மும்பைல ஃபுல் மாரத்தான் ஓடணும், அத வச்சு ரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு பணம் திரட்டணும். இதுவரைக்கும் ஓடினது அதிகபட்சம் 5 கிலோமீட்டர். "நம்ம ஊர்ல ஓடுறதுக்கு யாரு அண்ணே காசு தருவா, தந்தாலும் அத எங்க கொண்டு குடுக்க?"ன்னு கேள்வி.

தம்பி, நான் நாகர்கோவில்ல ஒரு லேப்ல டெக்னீசியன், ரத்தம் பாக்குற வேலைல 20 வருஷத்துக்கு மேல ஆச்சு. ஃபுல் மாரத்தான் நாலு தடவை ஓடியிருக்கேன், அதுல ரெண்டு தடவை காசு திரட்டி ஓடினது. தெரிஞ்சத முழுசா எழுதிடுறேன், நீளமா போகும், பொறுமையா படி.

வைத்தியத்துக்கு காசு கேக்குறது வேற, ஆராய்ச்சிக்கு காசு கேக்குறது வேற. இத மொதல்ல ஒனக்கு தெளிவாக்கிக்கோ, ஏன்னா காசு தர்றவங்களுக்கு இது தெளிவா இருக்காது. வைத்தியத்துக்குன்னு கேட்டா நம்ம ஜில்லால தர்றதுக்கு ஆள் உண்டு. சர்ச்சுல பூசை முடிஞ்சு அறிவிச்சா தருவாங்க, கோயில் கமிட்டில தருவாங்க, ஜமாத்துல தருவாங்க, ஆட்டோ ஸ்டாண்டுல ஒரு நாள் ஓடின காச அப்படியே எடுத்து தருவாங்க, வள்ளத்துல போறவங்க அன்னைக்கு கிடைச்ச மீன்காசுல ஒரு பங்கு ஒதுக்குவாங்க, இதெல்லாம் நான் கண்ணால பாத்தது. ஏன்னா அங்க ஒரு பிள்ளைக்க முகம் இருக்கு. ஆராய்ச்சிக்கு அப்படி ஒரு முகம் கிடையாது. "அத கவர்மெண்ட் பாத்துக்கும், இல்லேன்னா வெளிநாட்டுக்காரன் கண்டுபிடிப்பான்"னு சொல்லிட்டு சாயாவ குடிச்சுட்டு போயிடுவாங்க. அதனால நீ ஓடுறதுக்கு முந்தி செய்ய வேண்டிய வேலை, ஆராய்ச்சின்னா என்னன்னு அவங்க கண்ணுக்கு முன்னால காட்டுறது. அதுக்கு வேண்டியது ஒனக்க அக்கா வீட்டு அலமாரியிலயே இருக்கு.

வாரத்துக்கு ஒரு தடவை அவனுக்கு ஒரு மஞ்ச மாத்திரை குடுப்பாங்க பாரு, மெத்தோட்ரெக்சேட். அதுக்க கதைய எடுத்தா அது மெட்ராஸ்ல போய் நிக்கும். 1895-ல பீமவரத்துல பொறந்து மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்ச யெல்லாப்ரகட சுப்பாராவ்னு ஒரு டாக்டர், அமெரிக்கா போயி லெடர்லே மருந்து கம்பெனில ஆராய்ச்சிக்கு தலைமையா இருந்தார். அப்ப பாஸ்டன்ல சிட்னி ஃபார்பர்னு ஒரு குழந்தைகள் பேத்தாலஜிஸ்ட், லுக்கீமியா, அதான் ரத்தப் புற்றுநோய், வந்த பிள்ளைங்களுக்கு ஃபோலிக் ஆசிட்ங்கிற வைட்டமின் குடுத்தா நோய் வேகமா ஏறுற மாதிரி இருக்குன்னு கவனிச்சார், அப்படின்னா ஃபோலிக் ஆசிட தடுக்குற மருந்து குடுத்தா என்ன ஆகும்னு யோசிச்சார், அந்த மருந்த செஞ்சு குடுத்தது சுப்பாராவோட ஆளுங்க. 1948-ல அமினாப்டெரின்னு அந்த மருந்து 16 பிள்ளைங்களுக்கு குடுத்ததுல 10 பேருக்கு நோய் இறங்கிச்சு. நிரந்தரமா இல்ல, கொஞ்ச காலத்துக்குத்தான், ஆனா அதுக்கு முந்தி அந்த கொஞ்ச காலமும் யாருக்கும் கிடைச்சதில்ல. அதே வகைல அடுத்து வந்ததுதான் ஒனக்க மருமகன் சாப்பிடுற மெத்தோட்ரெக்சேட். கூட தினம் ராத்திரி குடுக்குற 6-எம்.பி மாத்திரை கெர்ட்ரூட் எலியன் உண்டாக்கினது, 1953-ல வந்துச்சு.

இன்னொண்ணு நம்ம கடக்கரைலயே கெடக்கு. கல்லறைத் தோட்டத்து மணல்ல யாரும் நடாம தானா மொளச்சு வருஷம் முழுக்க ரோஸ் கலர்ல பூக்குற நித்தியகல்யாணி, சில ஊர்ல சுடுகாட்டு மல்லின்னு சொல்லுவாங்க. சர்க்கரைக்கு நல்லதுன்னு நம்ம ஆளுங்க அத வெந்நில போட்டு குடிப்பாங்க, இதே நம்பிக்கை ஜமைக்காலயும் இருந்துச்சு. அங்க இருந்து வந்த எலைய வச்சு சர்க்கரை குறையுதான்னு பாக்கப் போன கனடா ஆராய்ச்சிக்காரங்க, சர்க்கரை குறையல, எலிக்கு வெள்ளை அணு குறையுதுன்னு கண்டாங்க. அதுல இருந்து வின்பிளாஸ்டின் வந்துச்சு, பின்னால அதே செடில இருந்து வின்கிறிஸ்டின் வந்துச்சு, 1963-ல இருந்து ஊசியா போடுறாங்க, ஒனக்க மருமகனுக்கும் கண்டிப்பா போட்டிருப்பாங்க. (தயவு செஞ்சு யாரும் வீட்ல பறிச்சு அரைச்சு குடுத்துராதீங்க, பல நூறு கிலோ காஞ்ச எலைக்கு ஒரு கிராம் மருந்துதான் கிடைக்கும், அளவு தப்பினா அது விஷம்.) இந்த மாதிரி ஒவ்வொரு மருந்தா சேத்து, எத எப்ப எவ்வளவு குடுக்கணும்னு பிள்ளைங்க மேல ட்ரையல் நடத்தி நடத்தி, பணக்கார நாடுகள்ல இப்ப பிள்ளைங்களோட ஏ.எல்.எல்-ல ஏறக்குறைய 90 சதவீதம் பேர் பிழைக்கிறாங்க. நம்ம நாட்ல அவ்வளவு இல்ல, லேட்டா வர்றாங்க, பாதில நிறுத்திடுறாங்க, கீமோ நேரத்துல இன்ஃபெக்சன் வந்து போயிடுது. இந்த இடைவெளிய எப்படி கொறைக்கன்னு பாக்குறதும் ஆராய்ச்சிதான், அத வெளிநாட்டுக்காரன் நமக்காக செய்ய மாட்டான்.

நம்ம ஆளுங்க செஞ்ச ஒண்ண நான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன். ஏ.பி.எல்-னு ஒரு வகை லுக்கீமியா இருக்கு, அதுக்கு உலகம் முழுக்க குடுத்த மருந்து நம்ம பாவப்பட்ட நோயாளிக்கு எட்டாத விலை. வேலூர் சி.எம்.சி-ல 1998-ல இருந்து 2004 வரைக்கும் 72 பேருக்கு ஆர்செனிக் ட்ரையாக்சைட மட்டும் குடுத்து பாத்தாங்க, 86 சதவீதம் பேருக்கு நோய் முழுசா இறங்கிச்சு, 2006-ல அத வெளியிட்டாங்க. வெள்ளைப் பாஷாணம்னு நம்ம சித்த வைத்தியத்துல சொல்ற அதே ஆர்செனிக், சுத்தம் பண்ணி அளவோட ஊசியா போட்டது. அப்புறம் 2023 அக்டோபர்ல ஐ.ஐ.டி பாம்பேயும் டாடா மெமோரியலும் சேர்ந்து உண்டாக்கின நெக்ஸ்கார்19-க்கு அனுமதி கிடைச்சுது. நோயாளியோட சொந்த டி-செல்ல (ஒரு வகை வெள்ளை அணு) வெளிய எடுத்து புற்று அணுவ அடையாளம் காணுற மாதிரி மாத்தி திரும்ப ஏத்துறது, இந்தியால உண்டாக்கின முதல் கார்-டி அதுதான். இப்பவும் லட்சக்கணக்குல ஆகுது, ஆனா வெளிநாட்டு விலைல ஒரு சின்ன பங்கு.

நம்ம ஊர்ல காசு கேக்கப் போனா இன்னொரு கேள்வி கண்டிப்பா வரும், "மணவாளக்குறிச்சி மணல்னாலதானே இதெல்லாம்?" அதுக்கு பதில் தெரிஞ்சு வச்சுக்கோ, முழிக்காத. நம்ம கடக்கரை மணல்ல மோனசைட்னு ஒரு தாது இருக்கு, அதுல தோரியம் இருக்கு, கதிர்வீச்சு மத்த இடத்த விட கூடுதல், இதெல்லாம் உண்மை. அதே மாதிரி மணல் இருக்கிற கொல்லம் பக்கத்து கருநாகப்பள்ளில திருவனந்தபுரம் ஆர்.சி.சி (ரீஜினல் கேன்சர் சென்டர்) ஏறக்குறைய 70,000 பேர சராசரி 10 வருஷத்துக்கு மேல கணக்கு வச்சு பாத்து 2009-ல வெளியிட்டாங்க, கதிர்வீச்சு கூடின இடத்துல புற்றுநோய் கூடினதா தெரியல. ஆனா அந்த கணக்குல லுக்கீமியா வந்தவங்க 30 பேர்தான், அவ்வளவு கொஞ்சம் பேர வச்சு லுக்கீமியாவ பத்தி அடிச்சு சொல்ல முடியாது. "அதனாலதான் அண்ணே, ஆராய்ச்சிக்கு காசு வேணும்"னு நீ அங்கயே பேச்ச கொண்டு வந்துடலாம். மணல சாட்டி பயத்த கிளப்பி மட்டும் காசு வாங்காத, அது தப்பு.

எனக்கு ஏன் இவ்வளவு ஆதங்கம்னா, நான் தினம் பாக்குறது அது. ஸ்லைடோட ஒரு ஓரத்துல ஒரு துளி ரத்தம் வச்சு, இன்னொரு ஸ்லைட சாய்ச்சு பிடிச்சு ஒரே தள்ளா தள்ளினா நாக்கு மாதிரி ஒரு படலம் விழும், நுனில மெலிஞ்சு. காய வச்சு லீஷ்மேன் சாயம் ஊத்தி கழுவி, எண்ணெய் வச்சு மைக்ராஸ்கோப்ல 100 லென்ஸ்ல பாத்தா, சாதாரணமா சிவப்பணு ரோஸ் கலர்ல காசு பரத்தி வச்ச மாதிரி நடுவுல வெளுத்து இருக்கும், அங்கொண்ணு இங்கொண்ணா வெள்ளை அணு, பொடிப்பொடியா பிளேட்லெட். சில வருஷம் முந்தி ஒரு நாள் சாயங்காலம், விடாத காய்ச்சல், முட்டிக்கு கீழ நீலநீலமா கன்னிப்போன ஒரு பிள்ளைக்க ரத்தம் வந்துச்சு. ஃபோகஸ் பண்ணதும் திரை முழுக்க ஒரே மாதிரி அணு, பெரிய வயலட் நியூக்ளியஸ், சுத்தி ஒரு நூல் கனத்துக்கு நீலம், அவ்வளவுதான், பிளேட்லெட்ட தேடி தேடி பாக்க வேண்டியிருந்துச்சு. வெளிய பெஞ்சில அந்த பிள்ளை அப்பன் மடில உக்காந்து மட்டிப்பழம் தின்னுகிட்டு இருந்தான். டெக்னீசியன் எதுவும் சொல்லக்கூடாது, டாக்டருக்குத்தான் போன் பண்ணணும். போன் பண்ணிட்டு வெளிய வந்து "டாக்டர பாத்துட்டு போங்க அண்ணே"ன்னு மட்டும் சொன்னேன். அந்த வருஷம்தான் நான் காசு திரட்டி ஓடணும்னு முடிவு பண்ணது.

சரி, காசு விஷயம். ஓடி காசு திரட்டுறது ரத்தப் புற்றுநோய்க்கு புதுசு இல்ல. 1988-ல அமெரிக்கால இருந்த ப்ரூஸ் கிளேலண்ட்னு ஒரு அப்பா, மகளுக்கு லுக்கீமியா வந்து மீண்டதுக்காக, 38 பேர சேத்து நியூயார்க் மாரத்தான் ஓடி 3,22,000 டாலர் திரட்டினார், பின்னால லுக்கீமியா லிம்ஃபோமா சொசைட்டின்னு பேரெடுத்த அமைப்போட டீம் இன் ட்ரெயினிங்ங்கிற ஓடி காசு திரட்டுற திட்டம் அதுல இருந்துதான் வந்தது. நான் அதுல இருந்து எடுத்துக்கிட்டது அந்த 38-ங்கிற எண்ணிக்கைய. தனியா ஓடாத. ஒவ்வொருத்தருக்கும் ஒரு சொந்தக்கார கூட்டம், ஒரு ஸ்கூல் செட், ஒரு கல்ஃப் குரூப் இருக்கு. அஞ்சு பேர் சேந்தா அஞ்சு வட்டம். கூட்டாளிங்க மும்பை வரணும்னு இல்ல, அவங்க இங்க ஹாஃபோ 10 கிலோமீட்டரோ ஓடட்டும்.

யாருக்கு குடுக்கன்னு பேர் குடுக்குறதுக்கு முந்தி முடிவு பண்ணணும். மும்பை மாரத்தான்ல யுனைட்டட் வே மும்பை மூலமா தொண்டு நிறுவனங்களுக்காக ஓட வழி இருக்கு, அந்த லிஸ்ட்ல எது ஆராய்ச்சிக்கு செலவு பண்ணுது, எது நோயாளி செலவுக்கு குடுக்குதுன்னு நீதான் வாசிச்சு பாக்கணும், பெரும்பாலும் ரெண்டாவதுதான் இருக்கும். இல்லேன்னா நேரா ஒரு ஆஸ்பத்திரிக்கே குடுக்கலாம், அடையார் கேன்சர் இன்ஸ்டிட்யூட், வேலூர் சி.எம்.சி, டாடா மெமோரியல், ஆர்.சி.சி, இவங்க எல்லாம் வைத்தியமும் பாக்குறாங்க ஆராய்ச்சியும் பண்றாங்க. நன்கொடை பாக்குற ஆபீசுக்கு மெயில் போட்டு கேளு: ரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குன்னு தனியா எழுதி குடுத்தா அதுக்கே செலவு பண்ணுவீங்களா, ரசீது ஒவ்வொருத்தர் பேர்லயும் வருமா, ஒரு வருஷம் கழிச்சு என்ன ஆச்சுன்னு ஒரு பக்கம் எழுதி தருவீங்களா. மெயில்ல பதில் வந்த பிறகுதான் நீ வெளிய வாய தொறக்கணும்.

ஒனக்க ஜிபே நம்பர மட்டும் போட்டுராத. நான் முதல் தடவை அந்த தப்ப செஞ்சேன். கூட்டாளி ஒருத்தர் அக்கவுண்ட்ல எல்லாத்தையும் வாங்கினோம், நல்ல மனுஷன், ஒரு பைசா எடுக்கல, ஆனா நாங்க காசு குடுக்க வச்சிருந்த இடத்துல இருந்து பதில் வர நாலு மாசம் ஆச்சு, அந்த நாலு மாசமும் சாயாக்கடைல அவர பாத்து "காசு என்னாச்சு"ன்னு கேட்டாங்க, கடைசில அவரு அந்த கடைக்கே போறத நிறுத்திட்டார். அடுத்த தடவை நிறுவனத்தோட பேஜ்லயே நேரா கட்ட சொன்னோம், ஒரு பேச்சு வரல. வரிவிலக்குக்கும் அதான் நல்லது. 80ஜி-னு எல்லாரும் சொல்ற வரிவிலக்கு ரசீது காசு தர்றவர் பேர்லயே வரணும், அவர் பான் நம்பர் வேணும், 2,000 ரூபாக்கு மேல ரொக்கமா குடுத்தா விலக்கு கிடையாது, பழைய வரி முறைல இருக்கிறவங்களுக்குத்தான் அது பிரயோஜனம். கல்ஃப்ல இருக்கிற நம்ம ஆளுங்க இந்திய பாஸ்போர்ட் வச்சு சொந்த சம்பாத்தியத்துல பேங்க் வழியா அனுப்பினா அத வெளிநாட்டு நன்கொடையா எடுக்க மாட்டாங்க. பாஸ்போர்ட் மாத்தினவங்க, அமெரிக்கா கனடா சிட்டிசன் ஆனவங்க குடுத்தா அது வெளிநாட்டு காசு, எஃப்.சி.ஆர்.ஏ-ங்கிற வெளிநாட்டு நன்கொடை சட்டத்துல பதிவு உள்ள நிறுவனம்தான் வாங்கலாம். மதினி ஒருத்தங்க டொராண்டோல இருந்து அனுப்பினது இதனாலதான் திரும்பி போச்சு.

ட்ரெயின் டிக்கெட், ரூம், ஷூ, என்ட்ரி ஃபீஸ் எல்லாம் எனக்க கைக்காசுன்னு முதல் மெசேஜ்லயே எழுதிடு. கேக்க மாட்டாங்க, ஆனா மனசுல நெனப்பாங்க.

காசு வர்றது ஓடுற அன்னைக்கு இல்ல. எனக்கு வந்தது எல்லாம் பயிற்சி நடந்த மாசங்கள்லதான். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் எத்தனை கிலோமீட்டர், எந்த ரோடு, வழில என்ன பாத்தேன்னு நாலு வரி, கீழ ஆராய்ச்சிய பத்தி ஒரே ஒரு விஷயம். நித்தியகல்யாணி கதைய எழுதின வாரம் வந்த காசு எனக்கு வேற எந்த வாரமும் வரல. ரப்பர் வெட்டுற ஒரு அண்ணன், வெளுப்பாங்கால நான் ஓடும்போது தலைல லைட்டோட மரத்துல நிப்பார், ஒரு நாள் நிறுத்தி "எதுக்குப்பா தினம் ஓடுற"ன்னு கேட்டார், சொன்னேன், அடுத்த வாரம் மகன விட்டு 500 ரூபா கட்ட வச்சு ரசீத காட்டினார்.

இனி ஓட்டம். 5 கிலோமீட்டர் ஓடுறவன் ஆறு மாசத்துல 42.195 ஓடலாம், முடியாதுன்னு இல்ல, ஆனா என்ன கேட்டா இந்த ஜனவரி ஹாஃப் ஓடு, 21.1, அடுத்த வருஷம் ஃபுல். காசு தர்றவங்களுக்கு ரெண்டும் பெருசுதான், ஒனக்கு ரெண்டு வருஷம் சொல்ல கதை கிடைக்கும், முட்டியும் மிஞ்சும். வாரம் நாலு நாள் போதும், மூணு நாள் பேசிக்கிட்டே ஓடுற வேகத்துல, ஞாயிறு நீளமா. வாரத்துக்கு பத்து சதவீதத்துக்கு மேல கூட்டாத, நாலாவது வாரம் கொறச்சுக்கோ. ஃபுல்லுக்கு போகும்போது ஞாயிறு ஓட்டம் 30, 32 வரைக்கும் போகணும், கடைசி மூணு வாரம் இறக்கணும். கருங்கல்ல இருந்து எந்த பக்கம் போனாலும் ஏத்தமும் இறக்கமும்தான், அது நல்லது, மும்பைல பெடர் ரோடு (Peddar Road) ஏத்தம் கால் ஓஞ்ச நேரத்துலதான் வரும். ஐப்பசி கார்த்திகைல இங்க மழை பெரும்பாலும் சாயங்காலம் இடியோட வரும், அதனால காலைல 4 மணிக்கு இறங்கிடு, ரிஃப்ளெக்டர் போட்டுக்கோ, டிப்பர் லாரி ஓடுற ரோட்ல வேண்டாம். நம்ம ஊர் புழுக்கத்துல பழகினவனுக்கு மும்பை ஜனவரி காலை நல்ல குளுமையா இருக்கும்.

சாப்பாட்டுக்கு பாக்கெட்டுல விக்கிறத தேடி அலைய வேண்டாம். முந்தின நாள் மத்தியானம் மரச்சீனி அவிச்சது, ராத்திரி சோறு, காலைல ரெண்டு மட்டிப்பழம், ஒரு கருப்பட்டி காபி, நான் அப்படித்தான். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல ஓடினா வெறும் வெள்ளம் மட்டும் குடம் குடமா குடிக்காத, ரத்தத்துல சோடியம் இறங்கி மயக்கம் வரும், உப்பு போட்ட கஞ்சி வெள்ளமோ ஓ.ஆர்.எஸ்-ஸோ கலந்து எடு.

பயிற்சி தொடங்குறதுக்கு முந்தி ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் (உடம்புல எவ்வளவு இரும்பு இருப்பு இருக்குன்னு காட்டுறது) பாத்துடு. நீளமா ஓடும்போது பாதம் தரைல அடிபடுறதுல கொஞ்சம் சிவப்பணு உடையும், வேர்வைலயும் இரும்பு போகும், ஏற்கெனவே கொறஞ்சவனுக்கு அது தெரியும். ரத்தம் குடுக்குற பழக்கம் இருந்தா, நல்ல காரியம், ஆனா ஓட்டத்துக்கு ரெண்டு மாசம் முந்தியே குடுத்து முடிச்சுக்கோ. ஒனக்கு ஆதரவா வர்றவங்கள்ல காசு இல்லாதவங்க பிளேட்லெட் குடுக்கட்டும், அது அஞ்சு நாளைக்கு மேல நிக்காத பொருள், கீமோல இருக்கிற பிள்ளைக்கு எப்பவும் தேவை. எலும்பு மஜ்ஜை மாத்த வேண்டி வர்ற நோயாளிக்கு பொருந்தினா குடுக்க, ஸ்டெம் செல் பதிவும் பண்ண சொல்லு, தாத்ரி மாதிரி பதிவகங்கள்ல கன்னத்து உள்பக்கம் பஞ்சு வச்சு தேச்சு எடுக்குறாங்க, அவ்வளவுதான். கூடப்பொறந்தவங்ககிட்ட பொருந்துறதுக்கே நாலுல ஒரு வாய்ப்புத்தான், அதனால பதிவுல ஆள் கூடக்கூட நல்லது.

கடைசியா, மருமகன் போட்டோ. மொட்டத்தலையும் மாஸ்குமா ஆஸ்பத்திரி கட்டில்ல எடுத்தத போட்டா காசு கூட வரும், எனக்கு தெரியும். போடாத. அக்காகிட்டயும் மச்சான்கிட்டயும் கேட்டு, அவங்க சரின்னு சொன்னாலும் அவன்கிட்டயும் கேளு, 7 வயசுக்காரனுக்கு அபிப்ராயம் உண்டு. அவன் பத்தாங்கிளாஸ் படிக்கும்போது கூட படிக்கிறவன் போன்ல அந்த போட்டோவ தேடி எடுக்கக்கூடாது. வேணும்னா அவன் வரஞ்ச ஒரு படத்த ஒனக்க டி-ஷர்ட்ல அடிச்சுக்கோ, நான் அப்படி ஒண்ணு போட்டு ஓடியிருக்கேன், வழி நெடுக அதென்னன்னு கேட்டாங்க.

பேர் குடுத்ததும் சொல்லு. ஐப்பசில ஒரு ஞாயித்துக்கிழமை நாகர்கோவில்ல இருந்து சுசீந்திரம், கொட்டாரம் வழியா கன்னியாகுமரி வரைக்கும் சேந்து ஓடலாம், ஏறக்குறைய 20 கிலோமீட்டர், ஹாஃபுக்கு அது நல்ல பரீட்சை. நான் 4 மணிக்கு வடசேரி பஸ் ஸ்டாண்டு முன்னால நிப்பேன், தலைல மாட்டுற லைட் ஒண்ணு கொண்டு வா.